திருக்குவளையில் பிறந்தவரின் வரலாற்றை எங்கள் தெருக்களிலும் கேட்டு எழுதுங்கள்

காவிரிப் படுகைக் கல்லூரிகளில் வரலாறு கற்பிக்கும் பேராசிரியர்களுக்கு,

வணக்கம். திருவாரூர் மாவட்டத்துக் கடைமடைக் கிராமம் ஒன்றிலிருந்து, பண்ணையாளின் பேரனாகப் பிறந்து இன்று குத்தகை நிலத்தில் சாகுபடி செய்யும் நான் இதை எழுதுகிறேன். மு. கருணாநிதியின் அரசியல் வாழ்வு குறித்து மாணவர்கள் எழுதுபவற்றில், ஒரு மேடையில் கேட்ட புகழுரையோ எதிர்மேடையில் கேட்ட வசையோதான் பெரும்பாலும் திரும்ப வருகிறது. மனை தந்தவர் என்று எங்கள் தெருவிலும், ஆற்றை விட்டவர் என்று பெரிய விவசாயிகளின் தெருவிலும் அவரைச் சொல்வார்கள். எனக்கு வீடும் வேண்டும், தண்ணீரும் வேண்டும் என்பதால் இரண்டையும் நான் ஒதுக்க முடியாது.

1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசையோடு எரிக்கப்பட்ட காலத்தில், இங்குள்ள பண்ணையாட்களில் மிகப் பலருக்குப் படுத்துறங்கும் தரைகூடச் சொந்தமில்லை. கூலியை உயர்த்திக் கேட்டவனை மிராசுதார் அன்றைக்கே குடிசையைப் பிரித்துக்கொண்டு போகச் சொல்லலாம். அடுத்த ஆண்டு முதல்வரான கருணாநிதியின் ஆட்சியில், 1969இல் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டமும், 1970இல் நில உச்சவரம்பை 30 தர ஏக்கரிலிருந்து (மண்ணின் தரத்தைக் கொண்டு கணக்கிடும் ஏக்கர்) 15 ஆகக் குறைத்த சட்டமும், 1971இல் குடியிருப்பு மனையை அதில் வாழ்பவருக்கே உரிமையாக்கிய சட்டமும் வந்தன. உச்சவரம்பால் எங்கள் ஊரில் கைமாறிய நிலம் மிகக் குறைவு. மனைப் பட்டா மட்டும் வந்தது; தாத்தா அதன் பிறகுதான் மண்சுவர் எழுப்பினார் என்று அப்பா சொல்வார்.

காவிரிக்கு வருகிறேன். சென்னை மாகாணமும் மைசூர் சமஸ்தானமும் 1924இல் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் சில பிரிவுகள் 50 ஆண்டுகள் கழித்து, 1974இல், மறுபரிசீலனைக்கு உரியவை. (கருணாநிதி பிறந்ததும் அதே 1924இல்தான்.) கர்நாடகம் கபினி, ஹேமாவதி அணைகளில் முனைந்திருந்த வேளையில், 1971இல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த காவிரி வழக்கை 1972இல் அவரது அரசு திரும்பப் பெற்றது. பிரதமர் இந்திரா காந்தி பேச்சுவார்த்தைக்கு முன்வந்ததால் விலகினோம், மீண்டும் தொடரும் உரிமையை விட்டுவிடவில்லை என்பது அவர் தரப்பு விளக்கம். அதைப் பொய் என்று நான் சொல்லவில்லை. ஆயினும் அவர் எடுத்த முடிவுகளில் இந்தப் படுகைக்கு மிகுந்த கேடு செய்தது அதுவே என்று கருதுகிறேன். 1976 ஜனவரி 31 அன்று அவரது ஆட்சி கலைக்கப்பட்டது. பின்னர் 13 ஆண்டுகள் அவர் ஆட்சியில் இல்லை என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும். 1983இல் உச்ச நீதிமன்றத்தை நாடியவர்கள் டெல்டா விவசாயிகள். மீண்டும் முதல்வராகி அவரும் வலியுறுத்திய நிலையில், நீதிமன்ற உத்தரவுப்படி 1990 ஜூன் 2 அன்று வி.பி. சிங்கின் மத்திய அரசு, காவிரிப் பங்கீட்டைத் தீர்க்கும் நடுவர் மன்றத்தை அமைத்தது. வழக்கைத் திரும்பப் பெற்றதற்கும் இதற்கும் இடைப்பட்ட 18 ஆண்டுகளில் குறுவை எத்தனை முறை பொய்த்தது, யார் நிலத்தை விற்றார்கள் என்பது எங்கள் கிழவர்களுக்குத் தெரியும்.

அவரது ஆட்சி மீதான ஊழல் புகார்களுக்காக மத்திய அரசு அமைத்த சர்க்காரியா ஆணையம் விசாரித்த, வீராணம் குடிநீர்த் திட்ட ஒப்பந்தக் குற்றச்சாட்டுகளும், அவற்றின்பேரில் நீதிமன்றத் தண்டனை எதுவும் அவருக்கு வரவில்லை என்பதும் ஒருசேர இடம்பெற வேண்டும்.

உங்களிடம் நான் வேண்டுவது இது: 1972இன் சட்டமன்ற நடவடிக்கைக் குறிப்புகளை மாணவர்கள் வாசிக்கட்டும், கூடவே ஊர் ஊராகச் சென்று, பட்டா வாங்கியவர்களையும் தண்ணீரின்றித் தரிசு போட்டவர்களையும் கேட்டுப் பதிவு செய்யட்டும். 1971இல் 20 வயதில் இருந்தவர்களுக்கு இப்போது 70ஐத் தாண்டிவிட்டது. எங்கள் தெருவில் அப்படி நால்வர்தான் இருக்கிறார்கள். தாத்தாவின் பட்டாவைத் தகரப் பெட்டியில் வைத்திருக்கிறோம். வரும் மாணவர் படியெடுத்துக்கொள்ளத் தருகிறேன். அறுவடை முடியும் முன் அனுப்பினால், அந்த நால்வரையும் களத்திலேயே பார்க்கலாம்.

இப்படிக்கு,
கடைமடைச் சாகுபடியாளர் ஒருவர்