கதிர்வீச்சு குறைந்தாலும் பாக்டீரியா தடுமாறும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

கதிர்வீச்சு என்றாலே கேடு என்று மாணவர்கள் மனப்பாடம் செய்வது வருத்தம் தருகிறது. அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் சுமார் 650 மீட்டர் ஆழ உப்புப் படிவத்தில், இயற்கைக் கதிர்வீச்சு பெரும்பாலும் எட்டாதபடி, தடித்த எஃகுப் பெட்டிக்குள் டெய்னோகாக்கஸ் ரேடியோடியூரன்ஸ் என்ற, கடும் கதிர்வீச்சையும் தாங்கும் பாக்டீரியாவை ஆய்வாளர்கள் வளர்த்தார்கள். 1945க்குப் பிந்தைய எஃகில் அணுச்சோதனைகளின் கதிரியக்கத் துகள் கலந்திருக்கும் என்பதால் பழைய எஃகையே தேடிப் பிடித்தார்கள். இயற்கைக் கதிர்வீச்சு குறைந்ததும் வளர்ச்சி மந்தமானது. திரும்பக் கிடைத்ததும் தேறியது. ஒப்பீட்டுப் பெட்டிக்குக் கதிர்வீச்சு தந்தது பொட்டாசியம் குளோரைடு உப்பு!

சிங்கப்பூரின் புக்கிட் தீமா கருங்கல்லிலும் இயற்கைக் கதிர்வீச்சு தரும் யுரேனியம், தோரியம், பொட்டாசியம் உண்டு. நம் பள்ளிகளில் செய்து பார்ப்போர் கவனிக்க: விண்வெளிக் கதிர்களால் காற்றுமண்டலத்தில் உண்டாகும் மியூவான் துகள்களை ஈயத் தகடு தடுக்காது. பொட்டாசியம் குளோரைடு பொட்டலத்தைக் குடுவைக்கு வெளியே வையுங்கள். பாக்டீரியா வளரும் ஊட்டக் கரைசலில் கலந்தால் உப்புச்செறிவே வளர்ச்சியை மாற்றிவிடும்.

நுண்ணுயிரியல் ஆசிரியர்கள் சிலர்,
சிங்கப்பூர்