சிரட்டையில் முளைத்த பூசணி

புளியரை
ஆடி 8

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. இங்கே சாரல் விட்டபாடில்லை. துணி காயாமல் வீட்டுக்குள்ளேயே குறுக்கும் நெடுக்கும் கொடி கட்டியிருக்கிறோம். பிள்ளைகள் இரண்டும் வெளியே போக முடியாமல் என் காலைச் சுற்றியே வந்ததில், பேனா எடுக்க இன்றைக்குத்தான் நேரம் வாய்த்தது. நீ கேட்டதும் அதைத்தானே? கொச்சியில் ஆறாவது மாடியில், மூன்று வயதுப் பையனைச் செல்போன் கொடுக்காமல் எப்படிப் பார்த்துக்கொள்வது என்று.

போன வருஷம் மூத்தவளுக்கு ஒரு கைவேலைப் பெட்டி வாங்கினோம். எல்லாம் வெட்டி, அளந்து, ஒட்ட வேண்டியதுதான் பாக்கி என்று இருந்தது. ஒரு மணி நேரத்தில் ஒட்டி முடித்து அலமாரி மேல் வைத்தாள். அப்புறம் அதை அவளும் தொடவில்லை, நாங்களும் தொடவில்லை. அதே வாரம் தாத்தாவோடு திண்ணையில் உட்கார்ந்து ஒரு சிரட்டையை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாள். நார் போக மூன்று நாள் ஆனது. கை வலிக்கிறது என்று பாதியில் போட்டுவிட்டுப் போவாள், மறுபடி வந்து எடுப்பாள். கடைசியில் தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்ததும் கன்னங்கரேலென்று மின்னியது. அதில்தான் இன்றைக்கும் அடுப்பங்கரையில் கல்லுப்பு இருக்கிறது. நான் உப்பு எடுக்கும்போதெல்லாம் அந்தச் சிரட்டையை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் போவாள். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், பிள்ளைகள் செய்கிற பொருள் வீட்டில் புழங்க வேண்டும் என்று. சாப்பிடவோ, விளையாடவோ, உப்பு வைக்கவோ, எதற்காவது அது வேண்டியிருக்க வேண்டும்.

கேக் செய்ய ஓவன் வேண்டுமே, அது என்னிடம் இல்லையே என்று நீ எழுதியிருந்தாய். எங்களிடமும் கிடையாது. கனமான அலுமினியச் சட்டி ஒன்று போதும். அடியில் இரண்டு கப் உப்பைப் பரப்பி, அதன்மேல் ஒரு பிரிமணை வடிவக் கம்பி வளையம் வைத்து, மூடி போட்டுப் பத்து நிமிஷம் சூடேற்று. நான் முதல் தடவை குக்கரில் செய்தேன். மூடியில் இருந்த ரப்பர் வளையத்தைக் கழற்ற மறந்துவிட்டேன். தண்ணீர் இல்லாத சூட்டில் ரப்பர் கருகி, வீடு முழுக்க நாற்றம், கேக்கையும் கொட்ட வேண்டியதாயிற்று. நீ குக்கரில் வைப்பதானால் ரப்பரையும் வெயிட்டையும் எடுத்துவிட்டுத்தான் அடுப்பைப் பற்ற வைக்க வேண்டும்.

மாவுக்கு எங்கள் வீட்டுக் கணக்கு இது. கோதுமை மாவு 1½ கப், பொடித்த கருப்பட்டி 1 கப், தயிர் அரை கப், தோல் கறுக்கிற அளவுக்குப் பழுத்த ஏத்தன் (நேந்திரம்) பழம் 2, தேங்காய் எண்ணெய் கால் கப்புக்குக் கொஞ்சம் மேலே, ஆப்பச் சோடா முக்கால் டீஸ்பூன், சுக்கும் ஏலமும் உன் கைக்கு வந்தபடி. கருப்பட்டியில் மண் இருக்கும், அதனால் கால் கப் தண்ணீரில் கரைத்து, வடிகட்டி, நன்றாக ஆறவிட்டுச் சேர். இட்லி மாவுப் பதம் வந்ததும் தாமதிக்காதே. தயிரின் புளிப்பும் சோடாவும் சேர்ந்த உடனே நுரை கிளம்பிவிடும். அந்தக் காற்றுதான் கேக்கை எழுப்புகிறது. பேசிக்கொண்டே நின்றால் காற்று போய்விடும், கேக் அடையாகிவிடும். மாவை ஒரு கிண்ணத்தில் ஊற்றி அந்தக் கம்பி வளையத்தின்மேல் இறக்கி மூடி, சிறுதீயில் 45 நிமிஷம் வைத்து, ஈர்க்குச்சியால் குத்திப் பார். மாவு ஒட்டாமல் வந்தால் இறக்கலாம். உன் பையன் பழத்தைப் பிசையட்டும். மூன்று வயதுக் கைக்கு அதைவிடப் பொருத்தமான வேலை இல்லை.

மூத்தவளுக்குக் கேக் செய்கிற அன்றெல்லாம் கேரளத்துத் தலசேரிக் கதை சொல்ல வேண்டும். 1883ஆம் வருஷம் ஒரு வெள்ளைக்காரத் தோட்ட முதலாளி இங்கிலாந்திலிருந்து வந்த கேக்கைக் கொண்டுவந்து காட்டி, இதுபோல் செய்ய முடியுமா என்று மாம்பள்ளி பாப்புவிடம் கேட்டாராம். பிஸ்கட் சுட்டுக்கொண்டிருந்த பாப்பு அங்கே கிடைக்கிற பொருள்களையும் சேர்த்துக் கிறிஸ்துமஸ் கேக் செய்து கொடுத்தாராம். "அவரும் முதல் தடவையிலேயே நல்லா செஞ்சாரா?" என்று கேட்கிறாள். அவளுக்கு அதுதான் முக்கியம். நான் ரப்பரைக் கருக்கியதை அவள் இன்னும் மறக்கவில்லை.

களிமண் வேலையும் நடக்கிறது. ரயிலில் புனலூர் போகும்போது கழுதுருட்டிப் பக்கம் பதிமூன்று கண்ணறைப் பாலம் வரும், உனக்கு ஞாபகம் இருக்கும். 1904இல் போட்ட பாதை. கருங்கல் வளைவுக் கண்கள் மலைச்சரிவில் வரிசையாக நிற்கும். சின்னவன் அதைக் கட்டியே தீருவேன் என்றான். குளத்துமண் காயக் காய வெடித்தது. இரண்டு தடவை இடிந்ததும் தாத்தாதான், மணலும் கொஞ்சம் உமியும் சேர்த்துப் பிசை என்றார். இப்போது ஐந்து கண் நிற்கிறது. தீப்பெட்டி ரயில் அதன்மேல் நாள் முழுக்க ஓடுகிறது.

உன் பையனுக்குக் குளத்துமண்ணுக்கு எங்கே போவாய்? 2 கப் மாவு, 1 கப் தூளுப்பு, 1 கப் தண்ணீர், ஒரு சிட்டிகை மஞ்சள். பிசைந்து கொடுத்தால் உருட்டி விளையாடுவான். உப்பு அதிகம், தின்றுவிடாமல் பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொள். மஞ்சாடிக்குரு என்கிற சின்னச் சிவப்பு விதையை மட்டும் இப்போது கொடுக்காதே, மூக்கிலோ தொண்டையிலோ மாட்டிக்கொள்ளும். எங்கள் வீட்டில் பல்லாங்குழிக்கு அதைத்தான் பொறுக்கி வைத்திருக்கிறோம், மூத்தவள் ஆடி முடித்ததும் எண்ணி டப்பாவில் போட்டு மேலே வைத்துவிடுவேன். குன்றிமணி என்றால் வீட்டுக்குள்ளேயே விடுவதில்லை. ஒரு பக்கம் கறுப்பும் மறுபக்கம் சிவப்புமாக அழகாகத்தான் இருக்கும், ஆனால் கடித்து உடைத்து விழுங்கினால் உயிருக்கே ஆபத்தான விஷம்.

சரி, தோட்டத்துக்கு வருகிறேன். சிரட்டையின் மூன்று கண்ணில் ஒன்று மெல்லியதாக இருக்கும். அதைக் குத்தித் திறந்தால் தண்ணீர் வடிய வழியாயிற்று, நாற்று வளர்க்க அதைவிட நல்ல தொட்டி தேவையில்லை. ஓட்டை போடாத சிரட்டைகளை மட்டும் கவிழ்த்து வை. மழைநீர் ஒரு வாரம் நின்றால் போதும், டெங்குக் கொசு அதில் வளர்ந்து பறந்துவிடும்.

சித்திரைக் கடைசியில் அப்படி ஒரு சிரட்டையில் மூத்தவள் ஊன்றியதுதான் எங்கள் பூசணி. நான்கு இலை விட்டதும் கிணற்றடியில் நட்டோம். கொடி வேலியைப் பிடித்து ஏறி, ஆனி மாசம் மஞ்சள் மஞ்சளாகப் பூத்தது. முதலில் வந்தது அத்தனையும் ஆண்பூ. அப்புறம்தான் அடியில் கோலிக்குண்டு அளவு பிஞ்சோடு பெண்பூ வந்தது. ஒவ்வொரு பிஞ்சாக மஞ்சளித்து உதிர்ந்தது. அவள் தினமும் அதைப் பொறுக்கிக் கொண்டுவந்து என் கையில் தருவாள். அழவும் மாட்டாள், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

சாரலில் தேனீ வெளியே வராது என்று எனக்குப் பிறகுதான் உறைத்தது. மறுநாள் காலை ஆறரைக்குக் குடையோடு இறங்கினோம். பூசணிப்பூ விடிகாலையில் விரிந்து வெயில் ஏறும் முன்பே சுருண்டுவிடும். ஒரு ஆண்பூவைப் பறித்து இதழ்களைக் கிழித்தோம், நடுவில் மகரந்தத் தண்டு மட்டும் நின்றது. அதைப் பெண்பூவின் நடுவில் மெதுவாகத் தடவச் சொன்னேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்தாள். மழைத்துளி படாமல் பூவின்மேல் ஒரு தேக்கிலையைக் கவிழ்த்தும் வைத்தாள், அது அவளாகவே செய்தது. நான்கு நாள் கழித்துப் பார்த்தால் பிஞ்சு பச்சையாக, எலுமிச்சையை விடப் பெரிதாக, காம்பில் உறுதியாக நின்றது. அன்றைக்கு அவள் தாத்தாவை எழுப்ப ஓடிய ஓட்டத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

பால்கனியில் பூசணி வேண்டாம், இடம் போதாது. உன் பையனால் இரண்டு மாசம் காத்திருக்கவும் முடியாது. வெந்தயம் தூவு. மூன்றாம் நாள் முளைக்கும், மூன்று வாரத்தில் கீரை கிள்ளலாம். தென்னைநார்த் தூளை இரண்டு மூன்று தண்ணீரில் அலசி உப்பை எடுத்துவிட்டு, பாதிக்குப் பாதி மண்ணும் உரமும் சேர்த்துக்கொள். அவன் கிள்ளிய கீரையை அன்றைக்கே சப்பாத்தி மாவில் போட்டுச் சுட்டுக் கொடு.

ஓணத்துக்கு வருவதாக எழுதியிருக்கிறாய், மாற்றிவிடாதே. பாலருவி எக்ஸ்பிரஸில் ஏறினால் செங்கோட்டையில் இறங்கலாம், நாங்கள் வந்து நிற்போம். ஓணத்து அத்தப்பூக் கோலத்துக்குச் சின்னவன் இப்போதே வாடாமல்லி நட்டுவிட்டான். அந்தப் பூசணியை எரிசேரிக் கூட்டுக்கென்று வைத்திருக்கிறோம். நேற்று மூத்தவள் ஈர்க்குச்சியால் அதன் தோலில் உன் பையன் பேரின் முதல் எழுத்தைக் கீறிவிட்டாள். கீறல் தழும்பாகிக் காயோடு சேர்ந்து வளருமாம், தாத்தா சொன்னார். இப்போது அந்த எழுத்து என் கட்டைவிரல் அகலம் இருக்கிறது. நீங்கள் வரும்போது எத்தனை பெரிதாகியிருக்கும் என்று தினமும் நூல் வைத்து அளக்கப்போகிறாளாம்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரி