பல சர்வர்கள் பகிரும் ஸ்டோரேஜில் அவசரக் கட்டளைகளுக்கு முன்னுரிமை கோரும் மனு

அனுப்புநர்: அரசுத் தரவு மையமொன்றின் ஸ்டோரேஜ் பராமரிப்பாளர்
பெறுநர்: செயலாளர் அவர்கள், தகவல் தொழில்நுட்பத் துறை
பொருள்: ஸ்டோரேஜ் டெண்டர் விதிகளில் அவசர வரிசையைக் கட்டாயமாக்குதல் தொடர்பாக

மதிப்பிற்குரிய ஐயா,

அவசர அழைப்பு மையத்தின் சர்வர், மருத்துவமனைப் பதிவேடு, சம்பளப் பட்டியல், ராத்திரி பேக்கப் என்று எல்லாவற்றின் தரவையும் ஒரே ஸ்டோரேஜில் (பல டிஸ்குகள் கொண்ட சேமிப்புக் கருவியில்) வைக்கிறோம். செலவு குறைகிறது, பராமரிப்பும் சுலபம், அதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் உள்ளே வரும் கட்டளைகளில் எது அவசரம், எது பொறுக்கும் என்று அந்த ஸ்டோரேஜுக்குத் தெரிவதில்லை. பேக்கப் தொடங்கியதும் பெரிய பெரிய ரீட் (தரவைப் படிக்கும்) கட்டளைகள் வரிசையை அடைத்துக்கொள்கின்றன, அதற்குப் பின்னால் வந்து ஒரு நோயாளியின் ரத்த வகையைக் கேட்கும் சின்னக் கட்டளை காத்துக் கிடக்கிறது. ஹார்ட் டிஸ்கில் ஒரு கட்டளைக்கு 10 மில்லி விநாடி என்று வைத்துக்கொண்டால்கூட, முன்னால் 100 கட்டளைகள் நின்றாலே ஒரு விநாடி போய்விடும். ஒரு திரை திறக்க இப்படிப் பல கட்டளைகள், ஒன்றன்பின் ஒன்றாக, தேவைப்படும். சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டி வாங்கினால் தீர்ந்துவிடும் என்பார்கள். தாமதம் குறையும், உண்மைதான், ஆனால் அங்கேயும் ஒரு பிளாக்கை (சிப்பின் ஒரு பகுதியை) அழிக்கும் வேலை மில்லி விநாடிக் கணக்கில் நடக்கும், அதன் பின்னால் மாட்டிக்கொண்ட ரீட் காத்திருக்கத்தான் வேண்டும்.

லினக்ஸில் டிஸ்க் வேலைகளுக்கு முன்னுரிமை கொடுக்கும் ஐஓநைஸ் இருக்கிறதே என்று கேட்கலாம். அது அந்த ஒரு கணினிக்குள் இருக்கும் வரிசையை மட்டும்தான் ஒழுங்குபடுத்தும். கட்டளை கேபிளைத் தாண்டியதும் பெரும்பாலும் அந்த முன்னுரிமை தொலைந்துபோகிறது, ஒரு சர்வரின் கடைசி வேலை இன்னொரு சர்வரின் உயிர்காக்கும் வேலைக்கு முன்னால் நிற்கிறது. அதனால் தீர்வு ஸ்டோரேஜுக்கு உள்ளேதான் இருக்க வேண்டும்.

இது புதிய யோசனையும் இல்லை. சர்வரும் டிஸ்கும் பேசிக்கொள்வதற்கென்று 1994-இல் வந்த ஸ்கஸி-2 தரத்திலேயே ‘ஹெட் ஆஃப் கியூ’ என்ற குறி உண்டு, அது போட்ட கட்டளை வரிசையின் முதலில் போய் நிற்கும், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பதை நிறுத்தாது. ஆனால் அந்தக் குறியோடு அடுத்தடுத்து பல வந்தால் கடைசியாக வந்ததுதான் முதலில் நடக்கும், பல சர்வர்கள் இருக்கும் இடத்தில் இது முதலில் வந்த அவசரத்தையே பட்டினி போட்டுவிடும். எஸ்எஸ்டிகளுக்கென்று 2011-இல் முதல் பதிப்பு வந்த என்விஎம்இ தரத்தில் அவசரம், உயர், நடு, தாழ் என்று நான்கு வகுப்புகள் இருக்கின்றன. ஆனால் அந்த ஏற்பாடு விருப்பத்துக்குரியது, கட்டாயம் என்பது வரிசைகளை ஒன்று மாற்றி ஒன்றாக எடுக்கும் சாதாரண சுழற்சி முறை மட்டுமே. ஆகவே நாம் டெண்டரில் எழுதிக் கேட்காவிட்டால், விற்பவர்கள் தரத்தை மீறாமலே அது இல்லாத கருவியைத் தரலாம். இதற்காகத்தான் இந்த மனு.

டெண்டரில் வெறுமனே ‘முன்னுரிமை வசதி வேண்டும்’ என்று ஒரு வரி போட்டால் போதாது, ஐயா. யார் வேண்டுமானாலும் அவசரம் என்று குறிக்கலாம் என்றால் எல்லா மென்பொருளும் எல்லாக் கட்டளையையும் அப்படியே குறிக்கும். எந்த சர்வருக்கு அந்த உரிமை, விநாடிக்கு எத்தனை வரை என்பதை ஸ்டோரேஜே நிர்வாகியின் விதிப்படி பார்த்துக்கொள்ள வேண்டும், அளவைத் தாண்டியவை சாதாரண வரிசைக்கு வந்துவிட வேண்டும். சாதாரணக் கட்டளைக்கும் காத்திருக்கும் நேரத்துக்கு ஓர் உச்சவரம்பு வேண்டும், சம்பளம் போடுவதும் மக்கள் வேலைதானே. அப்புறம், வரிசை நிரம்பியதும் ஸ்டோரேஜ் ‘இடமில்லை’ என்று கட்டளையைத் திருப்பி அனுப்பிவிடும், வாசலிலேயே திரும்பிய கட்டளைக்கு எந்த முன்னுரிமையும் உதவாது. ஆகவே அவசரத்துக்கென்று சில இடங்கள் எப்போதும் காலியாக இருக்க வேண்டும். அவசர ரீட் கேட்கும் அதே இடத்தில் முன்பே வந்த ரைட் (எழுதும் கட்டளை) ஒன்று முடியாமல் காத்திருந்தால், அதைத் தாண்டிப் போய்ப் பழைய தகவலைக் கொடுக்கக் கூடாது, அந்த ரைட்டையும் சேர்த்து முன்னால் கொண்டுவர வேண்டும்.

ஒரே வேலையைச் சேர்ந்து செய்யும் கிளஸ்டர் சர்வர்களின் ஹார்ட்பீட் ரைட்களையும் இந்த அவசர வகுப்பில் சேர்க்கக் கேட்டுக்கொள்கிறேன். தான் உயிரோடு இருப்பதைப் பொது டிஸ்கில் எழுதிக் காட்டும் சர்வர், பேக்கப் நெரிசலில் அதை நேரத்துக்கு எழுத முடியாமல் போனால், மற்றவை அது செத்துவிட்டதாக நினைத்து வெளியே தள்ளிவிடும். நல்ல சர்வர் வீணாக நின்றுபோகிறது.

கருவியை ஏற்கும் சோதனையும் மாற வேண்டும். ஒற்றை சர்வரை இணைத்து சராசரி வேகம் பார்ப்பதில் இந்தக் கோளாறு தெரியவே தெரியாது. பல சர்வர்கள் சேர்ந்து ஸ்டோரேஜை முழுக்க நிரப்பியிருக்கும்போது, 100-இல் 99 அவசரக் கட்டளைகள் எவ்வளவு நேரத்துக்குள் முடிகின்றன என்று அளந்து, அந்த எண்ணை ஒப்பந்தத்தில் எழுதுங்கள்.

புதிய கருவிகள் வரும்வரை, இப்போது இருப்பவற்றில் வால்யூம் (ஸ்டோரேஜில் பிரித்துக் கொடுத்த பகுதி) வாரியாக வேக வரம்பு போடும் வசதி இருக்கும் இடங்களில் பேக்கப்புக்கும் பெரிய அறிக்கைகளுக்கும் அதை உடனே போடச் சொல்லி ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் பெரிய உதவியாக இருக்கும். விதிகளை எழுத ஆள் தேவைப்பட்டால் கூப்பிடுங்கள், வருகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள
ஸ்டோரேஜ் பராமரிப்பாளர்