நடுக்களத்துக்கும் இடம் வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம். ஆப்பிரிக்கக் கால்பந்து வீரர்கள் பற்றித் தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வந்த கட்டுரை, கோல் அடிப்பவர்களை மட்டும் விரிவாகப் பேசிவிட்டு, 2011 முதல் 2014 வரை தொடர்ந்து நான்கு முறை ஆப்பிரிக்காவின் சிறந்த வீரராகத் தேர்வான ஐவரி கோஸ்ட்டின் யாயா டூரேயை ஒரே வரியில் கடந்துவிட்டது வருத்தமளிக்கிறது. நடுக்களத்தில் ஆடியே 2013-14 இங்கிலாந்து பிரீமியர் லீக்கில் 20 கோல்கள் அடித்த அவர், ஐரோப்பியக் கிளப்புகளுக்கான 2009 சாம்பியன்ஸ் லீக் இறுதியில் பார்சிலோனாவின் தடுப்பாட்டக்காரராகவும் நின்றவர்.

2015 ஆப்பிரிக்கக் கோப்பையின் இறுதிப் போட்டியை, கானாவுக்கு எதிரான பெனால்டி உதைகள் 9-8 என ஐவரி கோஸ்ட்டின் வெற்றியாக முடியும்வரை நள்ளிரவு தாண்டி விழித்திருந்து பார்த்தேன். ஆட்ட நேரத்தில் ஒரு கோல்கூட விழாத அந்தப் போட்டியில் அணித்தலைவர் டூரேயின் பங்கைக் கோல் கணக்கு எப்படிச் சொல்லும்? எஸ்ஸியன், ஒகோச்சா உள்ளிட்ட மேற்கு ஆப்பிரிக்க நடுக்கள வீரர்களுக்கெனத் தனித் தொடர் ஒன்றைத் தாங்கள் வெளியிட வேண்டுகிறேன்.