மருமகனுக்கு: குப்பியில் ஊற்றுவதும் வாயில் வருவதும்

அன்புள்ள மருமகனுக்கு,

மரபணு மருந்தை ஊசி வழியாக உடல் முழுவதும் சுற்ற விடுவானேன், மருந்தைப் பனியாக்கித் தரும் நெபுலைசரில் ஊற்றி நேரே நுரையீரலுக்குள் இழுத்துவிட்டால் ஆயிற்றே என்று போன வாரம் கேட்டாய். எம்.ஃபார்ம் ஆய்வுக்கு இதையே எடுக்கப்போவதாகச் சொன்னதால், தொலைபேசியில் சொல்லி முடியாததை எழுதுகிறேன்.

நுரையீரலைப் பாதிக்கும் பரம்பரை நோயான சிஸ்டிக் ஃபைப்ரோசிஸுக்குக் காரணமான, பழுதுபட்ட சிஎஃப்டிஆர் மரபணுவை 1989இல் கண்டுபிடித்தபோது பலரும் உன்னைப் போலத்தான் நினைத்தார்கள். 1993இலேயே அடினோ வைரஸை நல்ல மரபணுவைச் சுமக்கும் வாகனமாக்கி நோயாளிகளிடம் சோதனை தொடங்கிவிட்டது. ஆனால் அந்த வைரஸ் பற்றிக்கொள்ளும் ஏற்பி, மூச்சுக்குழாய்ச் செல்களில் காற்றுப் படும் பக்கத்தில் இல்லாமல் அடிப்பக்கத்தில் இருந்தது; மறுமுறை கொடுத்தபோது உடலின் எதிர்ப்பாற்றல் அதை அடையாளம் கண்டு விரட்டியது. உள்ளே வரும் தூசியையும் கிருமியையும் சளியில் ஒட்டவைத்து மேலே தள்ளுவதுதான் மூச்சுக்குழாயின் அன்றாட வேலை. இந்த நோயிலோ அந்தச் சளியும் பசைபோல் இறுகிக் கிடக்கும்.

நீ மருந்தாக்கம் படிப்பவன். ஆகவே இதற்கும் முந்தைய கட்டத்தை, கருவியைத்தான், முதலில் பார்க்கச் சொல்வேன். ஜெட் நெபுலைசரில் சீறும் காற்று மருந்தைச் சிதறடிக்கிறது. தடுப்பில் மோதும் பெரிய துளிகள் குப்பிக்குள்ளேயே வடிந்து, அதே துளை வழியாகத் திரும்பத் திரும்பப் போய்வருகின்றன. ஆஸ்துமாவுக்குத் தரும் சால்பூட்டமாலுக்கு இதனால் ஒன்றும் ஆகாது. மரபணுவைச் சுமக்கும் வளைய வடிவ டிஎன்ஏவான பிளாஸ்மிட், காப்பில்லாமல் இருந்தால் அறுந்துபோகும். புரதம் செய்வதற்கான குறிப்பாகிய எம்ஆர்என்ஏவைச் சுமக்கும் கொழுப்பு நுண்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெருத்துவிடும். இத்தனையையும் தாண்டி வரும் துளி 5 மைக்ரானுக்கு மேற்பட்டால் பெரும்பாலும் தொண்டையிலேயே படிந்துவிடும்.

பிரிட்டனில் நடந்து 2015இல் வெளியான ஆய்வை வரி விடாமல் படி. வைரஸ் இல்லாமல், கொழுப்பில் பொதிந்த டிஎன்ஏவை 28 நாளுக்கு ஒருமுறை என ஓராண்டு இழுக்கவைத்தார்கள். ஒப்பீட்டுக் குழுவினர் இழுத்தது வெறும் உப்புநீர். குறைந்தது ஒன்பது முறை இழுத்த 116 பேரில், ஒரு வினாடியில் ஊதி வெளியேற்றும் காற்றின் அளவு மருந்துக் குழுவில் ஏறக்குறைய அப்படியே நின்றது, மற்றவர்களுக்குக் குறைந்தது; இரண்டுக்கும் இடைவெளி 3.7 சதவீதம். சொற்பம் என்று உதடு பிதுக்கியவர்கள் உண்டு. மூச்சில் இழுத்த மரபணுவால் நுரையீரலின் செயல்பாட்டில் அளந்தறியக்கூடிய பலன் கிடைத்ததை நான் சொற்பம் என்று சொல்லமாட்டேன்.

2019இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டிரைகாஃப்டா மாத்திரை வந்துவிட்டதே என்பாய். அது, பிழையோடாவது உருவாகும் சிஎஃப்டிஆர் புரதத்தைத் திருத்துகிறது; புரதமே உருவாகாத பத்தில் ஒரு பங்கினருக்கு அதில் பயனில்லை. இழுக்கும் எம்ஆர்என்ஏவுக்கான முயற்சி அவர்களை நினைத்துத்தான் தொடர்கிறது.

தலைப்பைப் பதிவு செய்யும் முன் ஒன்று செய். உங்கள் துறையில் சும்மா கிடக்கும் நெபுலைசரைப் பாதுகாப்புப் பெட்டிக்குள் வைத்து, அதில் ஏதாவது ஒரு பிளாஸ்மிடை ஓட்டு. குப்பியில் மிஞ்சியதையும், வாய்க்குழலில் வரும் பனியைக் குளிர்வித்துப் பிடித்ததையும் டிஎன்ஏ துண்டுகளை நீளவாரியாகப் பிரித்துக் காட்டும் ஒரே ஜெல்லில் அடுத்தடுத்து ஓடவிட்டு, படத்தை எனக்கு அனுப்பு.

அன்புடன்,
மாமா