பிந்தி வளரும் பிள்ளைகளுக்கும் திடலில் இடம் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

செபராங் பிறையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உடற்கல்வி ஆசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். பள்ளிகளுக்கிடையிலான போட்டிகளுக்கு நம் பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்கும் முறை குறித்து, நெடுநாளாக மனத்தை உறுத்திவரும் ஒன்றைத் தங்கள் நாளிதழ் வழியாகச் சொல்ல விரும்புகிறேன்.

இடைநிலைப்பள்ளியின் இரண்டாம் ஆண்டான படிவம் இரண்டில் படித்த ஒரு மாணவனை மாவட்ட ரக்பி தேர்வுக்கு அழைத்துப் போயிருந்தேன். டிசம்பர் மாதம் பிறந்தவன். அன்று அவனுக்குக் கொடுத்த ஜெர்சி முழங்காலைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஓடிக்கொண்டே இடமும் வலமும் பந்தைக் கைமாற்றிக் கொடுப்பதில் அந்தத் திடலில் அவனுக்கு நிகராக யாரும் இல்லை. தேர்வாளர்களில் ஒருவர் வரிசையை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஒரே பார்வையில் அளந்துவிட்டு, "இவனை அடுத்த வருஷம் பார்க்கலாம் சார்" என்றார். அடுத்த வருடமும் அதே பதில்தான். அதற்கடுத்த வருடம் அவன் தேர்வுக்கே வரவில்லை. எஸ்.பி.எம். என்ற பள்ளியிறுதித் தேர்வை முடித்துச் சான்றிதழ் வாங்க வந்தவன் என்னைவிட அரை அடி உயரமாக நின்றான். பூட்ஸை எப்போதோ தம்பிக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னான். அந்த இரண்டு பட்டியல்களிலும் பொறுப்பாசிரியராகக் கையெழுத்திட்டவன் நான்தான் என்பதால், இதில் மற்றவர்களை மட்டும் குறைகூற எனக்கு உரிமையில்லை.

ஆண்பிள்ளைகள் மிக வேகமாக உயரும் காலம் சராசரியாக 14 வயதை ஒட்டி வருகிறது. ஒருவனுக்கு அது 12 வயதிலேயே வந்துவிடும். இன்னொருவனுக்கு 16 வயதில்தான் வரும். முதலில் எலும்பு நீள்கிறது, சில மாதங்கள் கழித்து எடை ஏறுகிறது, தசைவலு அதற்கும் பின்னால்தான் சேர்கிறது. ஆகவே ஒரே வகுப்பில் பக்கத்துப் பக்கத்தில் உட்காரும் இருவரில் ஒருவன் உடலால் இளைஞனாகவும் மற்றவன் இன்னும் சிறுவனாகவும் இருப்பது இயற்கை. நாமோ பல விளையாட்டுகளில் 12, 15, 18 வயதுக்குட்பட்டோர் என்று மூன்று வயதுப் பிரிவுகளை மட்டும் வைத்துக்கொண்டு, படிவம் ஒன்றில் கால்வைத்த டிசம்பர் பிள்ளையைப் படிவம் மூன்றில் இருக்கும் ஜனவரி பிள்ளையோடு மோதவிட்டு, விழுந்தவனுக்குத் திறமை இல்லை என்று எழுதிவிடுகிறோம்.

அண்மையில் மகளின் குடும்பத்தோடு பிரிஸ்பேனில் இரண்டு மாதங்கள் தங்கியிருந்தபோது ரக்பி லீக்கை அருகிலிருந்து பார்த்தேன். நம் நாட்டில் ஆடப்படுவது பெரும்பாலும் 15 பேர் ஆடும் ரக்பி யூனியன். லீக் 1895இல் இங்கிலாந்தின் வடபகுதியில் தனியாகப் பிரிந்து வந்தது. அணிக்கு 13 பேர். ஆறு முறை பிடிபடுவதற்குள் பந்தை முன்னேற்றியாக வேண்டும், தடுக்கும் அணி ஒவ்வொரு முறையும் பத்து மீட்டர் பின்வாங்கி நின்று மீண்டும் ஓடிவந்து மோத வேண்டும். முன்வரிசை ஆட்டக்காரர் ஒருவர் ஓர் ஆட்டத்தில் 30, 40 முறை எதிராளியைப் பிடித்து வீழ்த்துவது சாதாரணம். உடல் பருமனுக்கு இவ்வளவு மதிப்புள்ள ஒரு விளையாட்டே பிந்தி வளரும் பிள்ளைக்காகக் காத்திருக்கக் கற்றுக்கொண்டு வருகிறது என்பதுதான் என்னை எழுத வைத்தது.

இந்தப் பாடத்தை அவர்களும் தவறு செய்துதான் கற்றிருக்கிறார்கள். இங்கிலாந்தில் லீட்ஸ் பெக்கெட் பல்கலைக்கழகத்தின் கெவின் டில், ஸ்டீவ் கோப்லி முதலிய ஆய்வாளர்கள், 13 முதல் 15 வயதுக்குள் ரக்பி லீக் சிறப்புப் பயிற்சிக்குத் தேர்வான சிறுவர்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து அளந்து பார்த்தார்கள். தேர்வு ஆண்டின் தொடக்க மாதங்களில் பிறந்தவர்களும் முந்தி வளர்ந்தவர்களுமே அளவுக்கு மீறி இடம்பிடித்திருந்தார்கள். ஆனால் பிந்தி வளர்ந்தவர்கள் அடுத்தடுத்த ஆண்டுகளில் ஓட்டத்திலும் வலுவிலும் அந்த இடைவெளியைக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். பதின்மூன்று வயதில் தெரியும் வித்தியாசத்தில் பெரும்பகுதி வெறும் காலக்கணக்கு என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

ஆஸ்திரேலியாவில் வாசல்கள் பல. சிட்னியில் முன்பு 16 வயதுக்குட்பட்டோருக்காக நடந்த ஹெரால்டு மேத்யூஸ் கோப்பை இப்போது 17 வயதுக்குட்பட்டோருக்கும், 18க்காக நடந்த எஸ்.ஜி. பால் கோப்பை 19க்குமாக நகர்ந்திருக்கின்றன. அவற்றுக்கு மேலே 21 வயதுக்குட்பட்டோருக்கான ஜெர்சி ஃப்ளெக் போட்டி இருக்கிறது. அதையும் தாண்டினால் நியூ சவுத் வேல்ஸ் கோப்பை, குயின்ஸ்லாந்து கோப்பை என்ற இரண்டாம் நிலைப் போட்டிகளில் வயது வரம்பின்றி ஆடலாம். 1996இல் பிறந்த நிக்கோ ஹைன்ஸ், மேன்லி கிளப்பின் இளையோர் அணியில் ஆடியும் முதன்மை அணியில் இடம் கிடைக்காமல், குயின்ஸ்லாந்து கோப்பைக்குப் போய் ஆடி, 2019இல்தான் மெல்பர்ன் ஸ்டோர்ம் அணிக்காக என்.ஆர்.எல். என்ற முதல்நிலை லீக் போட்டியில் முதன்முறையாகக் களமிறங்கினார். 2022இல் அந்த ஆண்டின் மிகச்சிறந்த ஆட்டக்காரருக்கான டேலி எம் பதக்கம் அவருக்குக் கிடைத்தது. மெலிந்த உடல் என்று இளமையில் பல கிளப்புகள் ஒதுக்கிய ஜொனாதன் தர்ஸ்டன் அதே பதக்கத்தை நான்கு முறை வென்றவர்.

இங்கே ஒன்றைப் பிரித்துச் சொல்ல வேண்டும். லீட்ஸ் ரைனோஸ் அணியின் ராப் பரோவின் உயரம் சுமார் 165 சென்டிமீட்டர்தான்; அவர் எட்டு முறை இங்கிலாந்தின் முதல்நிலை ரக்பி லீக் போட்டியான சூப்பர் லீக் இறுதியாட்டத்தில் வெற்றி கண்டார். அவர் கடைசிவரை குள்ளமாகவே இருந்து சாதித்தவர். நான் பேசுவது, இன்று குள்ளமாக இருந்து நாளை வளரப்போகும் பிள்ளையைப் பற்றி. இருவரையும் கண்ணால் பார்த்துப் பிரித்தறிய முடியாது என்பதால்தான் அளவு தேவைப்படுகிறது.

பேரப்பிள்ளை பயிற்சிக்குப் போன திடலில் அப்படி அளப்பதைக் கண்டேன். சுவரோரம் ஒரு மரப்பெட்டி. பிள்ளைகளை அதன்மீது முதுகு நிமிர்த்தி உட்காரவைத்து உயரம் எடுத்தார்கள். பிறகு நிற்கவைத்து எடுத்தார்கள். எடையையும் பிறந்த தேதியையும் பக்கத்தில் எழுதினார்கள். காலும் உடற்பகுதியும் ஒரே வேகத்தில் நீள்வதில்லை, கால் முந்திக்கொள்ளும். அந்த விகிதத்தை வைத்து வேக வளர்ச்சி கடந்துவிட்டதா, இனிமேல்தானா என்பதை ஓரளவு கணிக்கலாம். இனிமேல்தான் என்றால் எடைப் பயிற்சியை அவசரப்படுத்துவதில்லை. பந்து கொடுப்பது, காலை மாற்றி வைத்து விலகுவது, எதிரணி வரிசையைப் படிப்பது ஆகியவற்றில் கவனம் வைக்கிறார்கள். உயரம் விறுவிறுவென்று ஏறும் மாதங்களில், முழங்காலுக்குக் கீழே வலி வரும் என்று தெரிந்து, ஓட்டத்தைக் குறைக்கிறார்கள். உடல் பலத்தாலேயே ஜெயித்துப் பழகிய பெரிய பையனுக்கும் இந்த முறை நன்மையே. மற்றவர்கள் வளர்ந்து நிற்கும்போது கையில் வித்தையில்லாமல் அவன் தவித்துப்போவதை நானே பார்த்திருக்கிறேன்.

மாநிலக் கல்வித் துறையையும் விளையாட்டு மன்றங்களையும் நான் கேட்பது பெரிய செலவு பிடிக்கும் காரியமல்ல. தேர்வுப் பட்டியலில் பெயருக்குப் பக்கத்தில் பிறந்த மாதமும் உயரமும் இடம்பெறட்டும். 15 வயதில் விடுபட்டவர்களை 17 வயதில் மறுபடி அழைத்துப் பார்க்கும் ஒரு தேர்வு ஒவ்வொரு மாவட்டத்திலும் நடக்கட்டும். பெற்றோரையும் கேட்டுக்கொள்கிறேன்: "எடுக்கலையே, இனிமே டியூஷனுக்குப் போ" என்று படிவம் இரண்டிலேயே பூட்ஸை மூட்டைகட்டிவிடாதீர்கள். படிப்பு வேண்டியதுதான், வாரம் இரண்டு மாலை திடலுக்குப் போவதால் அது கெட்டுவிடாது.

அளக்கும் முறையைத் தமிழ்ப்பள்ளிகளிலோ இடைநிலைப்பள்ளிகளிலோ தொடங்க விரும்பும் ஆசிரியர்கள் இந்த நாளிதழ் வழியாகத் தொடர்பு கொண்டால், பினாங்கு மாநிலத்தில் எங்கிருந்தாலும் என் செலவில் வந்து சொல்லிக்கொடுக்கிறேன். மரப்பெட்டியை நானே கொண்டுவருவேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
பட்டர்வொர்த், பினாங்கு