கட்டைவிரலைக் கிள்ளிய அக்காவுக்கு

மகளுக்கு இன்றோடு 38 நாள். வயிற்றில் இருக்கும்போதே ஸ்கேனில் அவளுக்குத் தொடை எலும்பு குட்டை என்று சொல்லி மதுரைக்கு அனுப்பிய கதை எங்கள் மண்டபம் ஊரில் தெரியாதவர்கள் யாரும் இல்லை, அதனால் அதை முழுசாகத் திரும்ப எழுதப் போவதில்லை. நேற்று ரத்தப் பரிசோதனை முடிவும் வந்துவிட்டது. டாக்டர் சந்தேகப்பட்டதேதான், அகோண்ட்ரோபிளேசியா, கை கால் எலும்பு குட்டையாகவே வளரும் பிறவிக் குறை. அழுது முடித்து, அவளைத் தூங்க வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் அந்த அக்கா. பேர்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. மதுரையில் ஸ்கேன் அறைக்குள் ஆள் கூப்பிடுவது, வயிற்றைத் துடைத்துவிடுவது எல்லாம் அவர்தான். ராத்திரி 2 மணிக்குக் கிளம்பி 150 கிலோமீட்டர் போய்ப் படுத்தவளின் வயிற்றுப் பிள்ளையை டாக்டர் முக்கால் மணி நேரம் அளந்தார், தொடை, மேல்கை, கெண்டைக்கால், விரல், நெற்றி என்று ஒவ்வொன்றாக, என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல், பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்த சின்ன டாக்டரிடம் மட்டும் இங்கிலீஷில் எண்களாகச் சொல்லிக்கொண்டே. ஏசிக் குளிரிலோ பயத்திலோ கால் வெடவெடத்தது. அந்த அக்கா கால்மாட்டில் வந்து நின்று என் இரண்டு பாதத்தையும் தன் முந்தானைக்குள் பொத்திக்கொண்டார். யாரும் சொல்லிச் செய்யவில்லை. டாக்டர் என்னவோ சொன்னார், உடனே அக்கா என் கட்டைவிரலைக் கிள்ளி, "நெஞ்சுக்கூடு நல்லா இருக்காம் தாயி" என்றார்.

தொடை எலும்பு குட்டை என்றுதானே வந்தோம், நெஞ்சுக்கு என்ன என்று எனக்கு விளங்கவில்லை. வெளியே பெஞ்சில் உட்கார வைத்து அவரே சொன்னார். எலும்பு வளராத பிள்ளைகளில் சிலதுக்கு நெஞ்சுக்கூடு ஒடுங்கிப்போய் நுரையீரலுக்கு இடமே இருக்காதாம், பிறந்தாலும் மூச்சு விட முடியாதாம், டாக்டர் தேடித் தேடிப் பார்ப்பது அதைத்தானாம். "பதினோரு வருசமா இந்த ரூம்ல நிக்கிறேன், அந்த ஒரு வார்த்தை வர்ற வரைக்கும் எனக்கே வயித்தக் கலக்கும்." அப்புறம் டாக்டர் படம் போட்டு விவரமாகச் சொன்னார், ஆனால் நான் மூச்சு விட்டது அந்த பெஞ்சில்தான். கொடுக்காமல் விடமாட்டார்கள் என்று 50 ரூபாயை மடித்துக் கைக்குள் வைத்திருந்தேன். என் விரல்களை மூடிவிட்டு, "பஸ்ஸுல டீ குடி" என்று உள்ளே போய்விட்டார். வெட்கமாகப் போய்விட்டது.

இராமநாதபுரத்து ஸ்கேன் டாக்டரம்மாவுக்கும் நன்றி. "அஞ்சாம் மாசமே ஏன் கண்டுபிடிக்கலை" என்று அவரைத் திட்டுகிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்தக் குறையில் அஞ்சாம் மாச ஸ்கேனில் தொடை எலும்பு சரியான அளவிலேயே இருக்கலாம், பெரும்பாலும் ஆறு மாசம் தாண்டித்தான் பின்தங்குவது தெரியும். 28-வது வாரத்தில் சந்தேகம் வந்ததும் மழுப்பாமல் அன்றைக்கே மதுரைக்கு எழுதிக் கொடுத்தவர் அவர். கிரகணத்தன்று அரிவாள்மனையில் உட்கார்ந்தேன் என்று பேசுகிறவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன், இப்படிப் பிறக்கும் 100 பிள்ளைகளில் 80 பேருக்கு அப்பா அம்மா சாதாரண உயரம்தான். கரு உண்டாகும்போதே ஒரு மரபணுவில் தானாக வரும் மாற்றம். கிரகணத்தை விடுங்கள்.

மீன்பிடித் தடைக்காலத்தில், தன் வலையே காய்ந்து கிடக்கும்போது, முன்பணம் தந்த படகுக்காரர், பாசி எடுக்கும் பெண்கள் சேர்த்துக் கொடுத்த சீட்டுப் பணம், தூங்காமல் வேன் ஓட்டிய தம்பி, ஆபரேஷனுக்கு ரத்தம் கொடுக்க ஓடி வந்த கீழக்கரை, தங்கச்சிமடம் பையன்கள், வீட்டுக்கே வந்து பார்க்கும் கிராம நர்ஸ் அக்கா, எல்லாருக்கும் கும்பிடு.

பார்க்க வருகிறவர்களிடம் ஒரே வேண்டுகோள். ஆசையாக இருக்கும், ஆனால் மாசம் ஏறினாலும் அவளைத் தலையணை அண்டக்கொடுத்து உட்கார வைக்காதீர்கள், முதுகு கூன் போட்டுவிடுமாம். அவளாக உட்காரும் வரை படுத்தே கிடக்கட்டும். யாருக்கும் தெரியாமல் மூடி வைத்தெல்லாம் வளர்க்கமாட்டேன், தாராளமாக வந்து தூக்குங்கள்.

அடுத்த மாசம் தலை அளவு பார்க்க மதுரை போகிறோம். இந்த முறை பேரைக் கேட்டுவிட வேண்டும். மாமியார் அந்த அக்காவுக்கென்று இப்போதே நெத்திலிக் கருவாடு காயப் போட்டிருக்கிறார். அவங்க சைவமா இருந்தா என்ன மாமி பண்ணுவீங்க என்று கேட்டதற்கு, "உன் காலைப் புடிச்சவ சைவமா இருக்கமாட்டா" என்கிறார்.